பழந்துணியும் பாலாடையும்

மண்ணைச் சுட்டு வெள்ளை வெளேரென்று ஆக்கித் தரும் ஊர் விருத்தாசலம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் தோண்டும்போது மேல்மண்ணோடு வெண்களிமண்ணும் வெளிப்படுகிறது. அந்த மண்ணை நம்பி இவ்வூரில் பீங்கான் தொழில் வேரூன்றியது. அதற்கென்று தொழிற்பேட்டை எழுந்தது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் வந்தது. மின்கம்பத்துக் காப்பான்கள், வீட்டு மின்பெட்டியில் செருகும் பியூஸ் கேரியர்கள், அகல்விளக்குகள், உள்ளங்கையில் அடங்கும் பொம்மைகள் என்று இங்குள்ள சூளைகளிலிருந்து புறப்பட்டவை பல ஊர் வீடுகளில் இருக்கின்றன.

இவ்வூரிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைத் திசையில், முகாசாபரூரை அடுத்து இருக்கிறது கோணான்குப்பம். வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் அங்கே உள்ளது. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் உறையும் அம்மனுக்கும் பெரியநாயகி என்றே பெயர். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி, நம் நாட்டுச் சேலை உடுத்தி மகனை ஏந்தி நிற்கும் மரியன்னைக்கு அதே பெயரை இட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆலயம் எழுந்த வரலாறாக வழிவழியாகச் சொல்லப்படுவது பிள்ளையில்லாத ஒரு வீட்டின் கதை. மகப்பேறின்றி வருந்திய முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் அன்னையின் பரிந்துரையால் பிள்ளைச் செல்வம் கண்டார். அந்த நன்றியில் ஆலயம் உருவாயிற்று என்பர்.

பிள்ளை வரம் வேண்டி மரியன்னையின் திருத்தலங்களுக்குச் செல்வோரைப் பற்றியும், அங்கே கட்டப்படும் சிறு தொட்டில்களைப் பற்றியும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். வேண்டுதல் நிறைவேறிய மறுகணத்தில், கையில் ஏந்திய அந்தச் சிற்றுயிருக்கு என்னென்ன ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நம் எழுத்துகள் அதிகம் பேசியதில்லை. அதெல்லாம் மருத்துவச்சியும் பாட்டியும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று விட்டுவிட்டோம் போலும். ஆனால் விவிலியம் அப்படி விட்டுவிடவில்லை.

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம். எருசலேம் நகரை, பிறந்த அன்றே திறந்த வெளியில் எறியப்பட்ட ஒரு பெண் குழந்தையாக ஆண்டவர் அங்கே உருவகப்படுத்துகிறார். அந்தக் குழந்தைக்குத் தொப்புள் கொடி அறுக்கப்படவில்லை, தண்ணீரால் கழுவப்படவில்லை, உப்பு தேய்க்கப்படவில்லை, துணியில் சுற்றப்படவில்லை. செய்யப்படாதவற்றின் பட்டியல்தான் அது. ஆயினும் அக்காலத்து வீடுகளில் பிள்ளை பிறந்தவுடன் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருந்தன என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்கிறோம்: கத்தி, நீர், உப்பு, துணி. சாலமோனின் ஞான நூலிலோ அரசன் ஒருவன், தானும் மற்றவர்களைப் போலத் துணிகளில் பொதியப்பட்டே பேணி வளர்க்கப்பட்டதாகச் சொல்கிறான். எந்த மன்னனின் வாழ்வும் வேறுவிதமாகத் தொடங்கியதில்லை என்கிறான்.

லூக்கா நற்செய்தியாளர் கிறிஸ்து பிறப்பைச் சொல்லுமிடத்தில் இரண்டு முறை துணியைக் குறிப்பிடுகிறார். மரியா மகனைத் துணிகளில் பொதிந்தது ஒன்று. இடையர்களுக்கு வானதூதர் சொல்லும் அடையாளம் மற்றொன்று. விடுதியில் இடமில்லை என்று எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். துணி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நிறைமாதக் கர்ப்பிணியோடு சூசையப்பர் நடந்த அந்த வழியில், மூட்டையில் அவர்கள் எதைச் சுமந்தார்கள் என்பதை நற்செய்தி சொல்லவில்லை. ஆயினும் தங்குமிடம் எதுவென்று தெரியாத நிலையிலும் துணி ஆயத்தமாய் இருந்தது. அதை நாசரேத்திலேயே மடித்து வைத்த கை ஓர் இளம்பெண்ணின் கையாகத்தான் இருக்க வேண்டும்.

நம் வீடுகளிலோ இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது. சட்டை தைக்கக் கூடாது. தொட்டில் வாங்கக் கூடாது. பெயரைக் கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கண்ணேறு பட்டுவிடும் என்ற அச்சம். கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. என் பாட்டி செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவர். ஆனால் இந்த ஒரு காரியத்தில் பங்குத் தந்தை சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். புதுத்துணி வாங்கக் கூடாது என்பாரே தவிர, பழந்துணியை எடுத்து வைப்பதில் அவருக்குத் தடையிருந்ததில்லை. தாத்தாவின் பழைய வேட்டிகளைச் சோற்றுக் கஞ்சியின் வாடை போகும்வரை வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, கிழித்து, மடித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பார். யாருக்கு என்று கேட்டால் பதில் வராது. பல முறை துவைத்து மெலிந்த பருத்தித் துணி பிறந்த குழந்தையின் தோலை உறுத்தாது, ஈரத்தை உறிஞ்சும், விரைவில் உலரும். சாத்திரம் தடுத்ததைச் சமாளித்துச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டது பெண்களின் அறிவு.

அந்த அச்சத்தைப் பழித்துவிடுவது எளிது. பாட்டி பெற்றது ஒன்பது, வளர்த்தது ஐந்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இறந்த பிள்ளைக்காக வாங்கிய சட்டையை ஒரு தாய் என்ன செய்வாள்? வாங்காதே என்ற விலக்கு, அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்து அழுத வீடுகளிலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

குழந்தைகளின் சாவுக்குக் காரணங்கள் பல. அவற்றில் கொடியது ஒன்று எசேக்கியேலின் பட்டியலில் முதலில் நிற்கும் கத்தியோடு வந்தது. நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்த குழந்தை ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ வாய் இறுகிப் போகும். காம்பைப் பற்ற முடியாது. உடல் வில்லாக வளையும். சில நாளில் அடங்கிவிடும். பேய் பிடித்தது என்றார்கள், தோஷம் என்றார்கள். மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமி, அரிவாளாலோ பழைய கத்தியாலோ அறுத்த தொப்புள் கொடியின் வழியாக உடலுக்குள் புகுந்து உண்டாக்கும் இரணசன்னி அது. புண் ஆறட்டும் என்று கொடியின் முனையில் சாம்பலையும் சாணத்தையும் பூசிய கைகள் அன்பான கைகள்தான். அந்த அன்பே நஞ்சாயிற்று.

நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமல்ல இது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்றொரு தனித்த தீவு உண்டு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ‘எட்டு நாள் நோய்’ என்று அவர்கள் அழைத்த இதே நோயால் மடிந்தது. இறைவனின் சித்தம் என்று தீவினர் அடங்கிப்போயிருந்தார்கள். 1889-இல் அங்கு ஊழியத்துக்கு வந்த ஆங்கஸ் ஃபிடஸ் என்ற போதகர் அப்படி அடங்கவில்லை. கிளாஸ்கோ நகருக்குச் சென்று, கிருமி நீக்கி மகப்பேறு பார்க்கும் முறையைத் தாமே கற்று வந்தார். சில ஆண்டுகளுக்குள் அந்த நோய் தீவைவிட்டு நீங்கிற்று. அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் இறைவனின் சித்தம் எது, மனிதனின் அழுக்குக் கத்தி எது என்று பிரித்தறிந்த அந்த ஊழியரை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

நம் நாட்டில் அந்தப் பிரித்தறிதல் ஊர் ஊராக நடந்தது. தூய கைகள், தூய்மையான விரிப்பு, புதிய பிளேடு, தூய்மையான நூல், எதுவும் பூசாத கொடி என்னும் ஐந்து தூய்மைகள் கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் செவிலியர்களுக்கும் கற்பிக்கப்பட்டன. பிளேடும் நூலும் சோப்பும் அடங்கிய சிறு பொட்டலங்கள் வீட்டுப் பேறுகளுக்கென்றே வழங்கப்பட்டன. ஆயத்தப் பொருள் என்றால் இதுவன்றோ! சில ரூபாய் பெறும் பொட்டலம். அதன் முன்னால் பொன் தொட்டிலும் நிற்காது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடும் வழக்கமும் பரவிற்று. 1988-இல் உலகெங்கும் 7,87,000 பச்சிளங் குழந்தைகள் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. 2015-இல் தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணசன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உறுதி செய்யப்பட்டது. நோயின் கிருமி இன்னும் மண்ணில்தான் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் வரலாற்றில் ஒரு பக்கத்தையும் மறைக்காமல் திறந்து பார்க்க வேண்டும். நம் மறைமாவட்டங்களில் துறவற சகோதரிகள் நடத்தும் மருத்துவமனைகளில் பிறந்தோர் இன்று எத்தனையோ பேர். இந்த இதழைப் படிப்போரில் பலரை முதலில் ஏந்தியது ஓர் அருட்சகோதரியின் கையாகவே இருக்கும். ஆனால் 1936 வரை துறவற சகோதரிகள் மகப்பேறு பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் தடையாய் இருந்தது. கன்னிமை வாக்குப்பாட்டுக்கு அது பொருந்தாது என்று கருதப்பட்டது. அந்நிய ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் அறைக்குள்ளேயே மடிந்துகொண்டிருந்த நாட்டில், உதவக்கூடிய பெண்களின் கைகள் சட்டத்தால் கட்டப்பட்டிருந்தன. ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் இத்தடையை நீக்கும்படி உரோமையிடம் வேண்டினார். 1913-இல் பலன் காணாமலே மறைந்தார். அவர் தூண்டுதலால் மருத்துவம் படித்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அவருக்கு முன்பே, 1920-இல், ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி குண்டூருக்கு வந்து, துறவியாகித் திருத்தந்தையின் தனி அனுமதியோடு மருத்துவம் செய்தார். கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி தந்தார். 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை ஓர் ஆணை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் சகோதரிகள் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் கற்றுச் செய்யலாம் என்று அது திறந்துவிட்டது. எலிசபெத்தின் பேறுகாலத்துக்கு உதவ மலைநாட்டுக்கு விரைந்து சென்று மூன்று மாதம் தங்கிய மரியாவைத் தினமும் மகிமைப்படுத்தும் திருச்சபைக்கு இதை உணர இத்தனை காலம் ஆயிற்று.

இனி வயிற்றுக்கு வருவோம். விவிலியப் பட்டியல்களில் பால் ஊட்டும் கலம் இல்லை. தாயின் மார்பு இருக்கும்போது அது வேண்டியதுமில்லை. தாய் இறந்தால், நோயுற்றால், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்ச வலுவில்லாவிட்டால்தான் கலத்தின் தேவை எழுகிறது. நம்மிடம் அதற்குச் சங்கு இருந்தது. கடற்சங்கின் வடிவத்திலேயே வெள்ளியிலும் பித்தளையிலும் செய்தார்கள். ஒரு பக்கம் கிண்ணம், மறுபக்கம் மூக்குப்போல நீண்ட வாய். பாலாடை என்றும் பெயர். விருத்தாசலத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும்: குழந்தைக்குப் பாலூட்ட மனிதன் செய்த மிகப் பழைய கலங்களுள் சில சுட்ட மண்ணால் ஆனவை. ஜெர்மனியின் பவேரியாவில் கிறிஸ்துவுக்கு முந்திய 1200 முதல் 450 வரையிலான காலத்துக் குழந்தைகளின் கல்லறைகளில், மூக்கு வைத்த சிறு மண்கலங்கள் கிடைத்தன. அவற்றின் மண்ணில் ஊறியிருந்த கொழுப்பை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து, அது கால்நடைகளின் பால் என்று 2019-இல் எழுதினார்கள். குழந்தையோடு அதன் கலத்தையும் சேர்த்துப் புதைத்த அந்தப் பெற்றோரின் மொழி நமக்குத் தெரியாது. அந்தத் துயரம் தெரியாததல்ல.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் நம் பாலாடையைப் போன்ற பீங்கான் கலங்கள் புழங்கின. படகு வடிவம், கூழ்ப்படகு என்றே பெயர். திறந்த கலம், உள்ளே விரலைவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகரிகம் வளர்ந்து கண்ணாடிப் புட்டியும் அதில் நீண்ட இரப்பர்க் குழாயும் வந்தன. குழந்தை தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், தாய் வேறு வேலை பார்க்கலாம் என்று விற்றார்கள். குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. பழைய பால் அதற்குள் புளித்துக் கிடந்தது. எத்தனை பிள்ளைகள் மடிந்தார்கள் என்றால், அந்தப் புட்டிக்குக் கொலைகாரப் புட்டி என்றே பெயர் நிலைத்தது.

பொருள் புதியதாக இருப்பதற்கும் நல்லதாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதை நம் மருத்துவர்களும் கண்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் வைத்துச் செய்த ஓர் இந்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. பாலாடையே அவற்றில் சிறந்ததாகத் தோன்றிற்று. பாட்டியின் சங்கு பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மரியாதையோடு நுழைந்தது. புட்டிப் பாலையும் பால்மாவையும் விளம்பரம் செய்வதைத் தடுத்து 1992-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. ஆகவே முதல் வாரங்களுக்கான பொருள் வாங்கச் செல்வோர் புட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். தேவைப்பட்டால் கொதிநீரில் போட்டெடுக்கத்தக்க ஒரு பாலாடை போதும். தாய்க்கு நல்ல சோறும் ஓய்வும் கிடைத்தால் அதுவும் வேண்டியிராது.

மண்ணையும் துணியையும் ஒருசேரக் காண ஓர் இடம் உண்டு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ‘மாசற்ற குழந்தைகள்’ பெயரால் அமைந்த அனாதைப் பிள்ளைகளின் இல்லம் அது. ஏரோது கொன்ற குழந்தைகளின் நினைவாக அப்பெயர். 1419-இல் கட்டத் தொடங்கி 1445-இல் திறந்தார்கள். பட்டு வணிகர் சங்கம் பொறுப்பேற்றிருந்தது. அதன் முகப்பு வளைவுகளுக்கு இடையே நீல வட்டங்களில் வெண்ணிறக் குழந்தைகள் நிற்கின்றன. 1487 அளவில் அந்திரேயா தெல்லா ரோபியா செய்தவை. சுட்ட களிமண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த மெருகூட்டி மீண்டும் சுட்ட சிற்பங்கள். விருத்தாசலத்துச் சூளைக்காரர் எவரும் அருகே சென்று பார்த்தால் இது நம் தொழில் என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு குழந்தையும் இடுப்பிலிருந்து கால்வரை துணிப்பட்டைகளால் சுற்றப்பட்டிருக்கிறது. சில வட்டங்களில் பட்டை தளர்ந்து அவிழத் தொடங்குகிறது. கைகள் மட்டும் விரிந்திருக்கின்றன, தூக்கிக்கொள்ளும்படி.

அந்த இல்லத்துக்கு வந்த முதல் குழந்தை 1445 பிப்ரவரி 5 அன்று விடப்பட்டாள். அன்று புனித ஆகத்தம்மாள் திருநாள். ஆகவே ஆகத்தா என்று பெயரிட்டார்கள். பாலூட்டும் தாய்மாருக்குப் பாதுகாவலி அந்தப் புனிதை. பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார் சிலர் ஒரு நாணயத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். என்றேனும் திரும்பி வந்து அடையாளம் காட்டலாம் என்ற நம்பிக்கை. எழுதத் தெரியாத ஏழைத் தாய் தன் பிள்ளைக்கு ஆயத்தமாய் வைக்க முடிந்தது அரைக்காசு ஒன்றுதான். அங்கே விடப்பட்டவர்களில் பெண் குழந்தைகளே அதிகம் என்று அந்த இல்லத்தின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எங்கோ இத்தாலியில் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1992-இல் சேலம் மாவட்டத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த பெண் சிசுவை நெல்மணியாலும் எருக்கம்பாலாலும் கொன்றுகொண்டிருந்த நாள்கள் அவை. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள், பெயர் கேட்க மாட்டோம் என்பதே திட்டம். சேலமும் மதுரையும் தருமபுரியும்தான் அந்தப் பழிக்கு உரியவை என்று தென்னார்க்காட்டுக்காரர்களான நாம் நினைத்திருந்தோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அந்த நினைப்பைக் கலைத்தது. கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் தொள்ளாயிரம்கூட இல்லை. அதே ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூருக்கும் அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெரியநாயகி அன்னையிடம் பிள்ளை வரம் கேட்கும் மாவட்டம், விருத்தாசலம் உள்ள மாவட்டம், இதுதான். எந்தப் பிள்ளையைக் கேட்டோம் என்பதை நாம் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவிலேயே அறிந்து அழிப்பது சேர்ந்தபின் தொட்டிலுக்கும் வேலையில்லாமற் போனது மேலும் கொடுமை. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அரசின் கையிலிருந்து மற்றொரு தொட்டிலும் வந்தது. அதைச் சொல்ல மகிழ்ச்சி. 2015 செப்டம்பரில், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’ வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆயிரம் ரூபாய் மதிப்பில் பதினாறு பொருள்கள்: துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, அணையாடை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குக் கைகழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். இப்படி ஒரு பெட்டியை உலகில் முதலில் பெயர்பெறச் செய்தது பின்லாந்து. 1938-இல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி, 1949-இல் எல்லாத் தாய்மாருக்கும் விரிவாக்கியது. கர்ப்பிணி மருத்துவரிடம் வந்து பரிசோதித்துக்கொண்டால்தான் பெட்டி என்பது அங்கு நிபந்தனை. பெட்டியைக் காட்டித் தாயை மருத்துவரிடம் வரவழைத்தார்கள். காலிப் பெட்டியே குழந்தைக்கு முதல் படுக்கையாகவும் பயன்பட்டது.

நம் பெட்டகத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. கொசுவலை ஒன்று, கைகழுவும் திரவம் ஒன்று. குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் கூட்டம் கொண்டுவருபவற்றில் பயனுள்ளதாக நான் கண்டது சொற்பம். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் பரிசுகளே அப்படித்தானே. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம்: எந்த மருத்துவச்சியும் கேட்டிராத பட்டியல் அது. பொன்னாவது எகிப்துக்கு ஓடியபோது வழிச்செலவுக்கு உதவியிருக்கும் என்று பெரியோர் சொல்வர். சாம்பிராணிப் புகையில் குழந்தையின் தலையைக் காட்டும் நம் வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் இன்று விரும்புவதில்லை. அந்தச் சிறு நுரையீரலுக்குப் புகை ஆகாது. பிறந்ததும் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனையையும் அவர்கள் ஏற்பதில்லை. தாயின் சீம்பாலே முதல் உணவு. பேர் சொல்லா மருந்து என்று நம் பெண்கள் மரியாதையாகக் குறிப்பிடும் வசம்பு, கையில் காப்பாகக் கட்டியிருக்கும்வரை கேடில்லை. வயிற்றுக்குள் செல்ல வேண்டாம் என்கிறார்கள். பாட்டியின் பெட்டியிலிருந்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்ல இப்படி ஒருவர் இருப்பதும் நல்லதே. 2020-இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தோர் 13 பேர். இருநூறிலிருந்து பதின்மூன்று.

ஆன்மாவுக்கு ஆயத்தமாக வேண்டியதும் உண்டு. முற்காலத்தில் குழந்தை பிழைக்காது என்று தோன்றினால் மருத்துவச்சியே நீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுப்பாள். அதற்கான சொற்களை அவளுக்குக் கற்பிப்பது பங்குத் தந்தையின் கடமையாய் இருந்தது. எசேக்கியேலின் பட்டியலில் உள்ள நீர் அங்கே இரண்டு வேலை பார்த்தது. உப்பும் இருந்தது: 1969-இல் சடங்கு புதுப்பிக்கப்படும்வரை திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் உப்பு வைத்தார்கள். துணி இன்றும் இருக்கிறது, வெண்ணிற ஆடையாக. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 867-ஆம் விதி, குழந்தை பிறந்த முதல் வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெறப் பெற்றோர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. அதற்காகப் பங்குத் தந்தையை அணுகுவது பிறந்தபின் மட்டுமல்ல, பிறக்கும் முன்பேகூடச் செய்ய வேண்டியது என்றும் அவ்விதி சொல்கிறது. பெயரைக் கூட உச்சரிக்கக் கூடாது என்ற வீட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த விதியைப் படித்தபோது வியப்பாகவே இருந்தது. கருவில் இருக்கும்போதே சூசையப்பருக்குக் கனவில் பெயர் சொல்லப்பட்டதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

பாட்டி இறந்து ஒரு மாதம் கழித்து அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் செய்தித்தாள் விரித்து, மேலே வேட்டித் துணி ஏழு துண்டுகள். ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. கண் தெரியாத வயதில் தைத்தது என்பது கோணல் தையலிலிருந்து தெரிந்தது. நடுவில் ஒரு பித்தளைச் சங்கு, புளி போட்டுத் துலக்கியது. வீட்டில் அப்போது எவரும் கருவுற்றிருக்கவில்லை. மறு ஆண்டு என் தங்கைக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்களில் சிலர் மீண்டும் பெண்ணா என்று இழுத்தார்கள். தங்கை பதில் சொல்லவில்லை. ஏழு துணியில் மெலிந்ததை எடுத்து உதறிக் குழந்தையைச் சுற்றினாள்.